நோயாளி சொன்னபடி

ஜூன் 3

அண்ணிக்கு,

எட்டு மாதத்துக்குப் பிறகு எழுதுகிறேன். போனில் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டு நீங்கள் எடுக்காமல் போனால் ஒரு கஷ்டம், எடுத்துவிட்டால் இன்னொரு கஷ்டம். எப்படியும் இந்தப் படிவத்தைத் தபாலில்தான் அனுப்ப வேண்டும். கூடவே ஒரு தாளையும் வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்புக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசிக்கிறேன். ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்களுக்கான இரண்டு வருடப் படிப்பு. நோயாளியோடு உட்கார்ந்து விவரம் கேட்பது, உடம்பைப் பார்ப்பது, எழுதுவது, டாக்டரிடம் எடுத்துச் சொல்வது, சிகிச்சையைக் கூடவே இருந்து கவனிப்பது. எல்லாம் ஒரு டாக்டரின் மேற்பார்வையில். உங்களுக்குத் தெரியாததா? வீட்டு ஓனரிடம் சொன்னேன். "டாக்டருக்கு அசிஸ்டென்ட்னா, அவர் பையைத் தூக்கிட்டுப் பின்னாடியே போறதாப்பா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணன் இருந்தால் அவரோடு சேர்ந்து சிரித்திருப்பார். ஈ.சி.ஜி. அறையில் நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னைக் 'கம்பவுண்டர்' என்றே கூப்பிட்டவர்தானே.

விண்ணப்பத்தோடு ஒரு நோயாளியின் முழு வரலாறு எழுதித் தர வேண்டும். பெயர் கூடாது. வயது, தொழில், என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, இதெல்லாம். பத்து நாள் பேனாவை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். "ஆண், 44 வயது, லிஃப்ட் மெக்கானிக்" என்று ஆரம்பித்த பிறகுதான் கை ஓடியது. வேறு யாரையும் எழுத வரவில்லை. கோபப்படாதீர்கள்.

கடைசிப் பக்கத்தில் இரண்டு கையெழுத்து வேண்டும். நோயாளி போட வேண்டிய இடத்தில், மனைவி என்ற முறையில் நீங்கள். சரிபார்த்த டாக்டர் போட வேண்டிய இடத்திலும் நீங்கள். ஜூலை 25 கடைசி நாள்.

பாப்பா எப்படி இருக்கிறாள்? அன்றைக்கு நான் சொன்னதைப் பற்றி இதில் எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

தம்பி


ஜூன் 11

தம்பி,

படிவம் வந்தது. கையெழுத்துப் போடவில்லை. திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

முதலில் சின்ன விஷயம். நோயாளி தரப்புக்கும் டாக்டர் தரப்புக்கும் ஒரே ஆள் கையெழுத்துப் போட்டால் எந்தக் கல்லூரியும் ஏற்காது. அதே பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஒழுங்காகப் படி.

அடுத்தது படிப்பு. உனக்கு முப்பத்து மூன்று வயது. படித்து முடித்த பிறகும், காலம் முழுக்க, உன் குறிப்புக்குக் கீழே இன்னொருவர் கையெழுத்துதான் இருக்கும். உன்னைவிடப் பத்து வயது சின்னவன் டாக்டராக வந்து, "இதை மாத்தி எழுதுங்க" என்பான். நோயாளிகள் உன்னிடம் அரை மணி நேரம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "சரி, டாக்டர் எப்ப வருவார்?" என்று கேட்பார்கள். இங்கே எங்கள் கிளினிக்கில் ஒரு பெண் அந்த வேலையில் இருக்கிறாள். என்னைவிட நன்றாகக் கேட்பாள். யாரும் அவளுக்கு நன்றி சொல்லி நான் பார்த்ததில்லை. டாக்டராகத்தான் முடியவில்லை, இதாவது கிடைக்கட்டும் என்று போகிறாயானால், போகாதே.

இனி எழுதுவதை எழுத எனக்கு மூன்று நாள் ஆனது. "இடது தோளில் வலி, மூன்று வாரமாக" என்று எழுதியிருக்கிறாய். என்னிடம் அவர் தோள் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. மேல் வயிற்றில் எரிச்சல் என்றார். அதுவும் மூன்று வாரமாகத்தான். வேலை நடக்கிற இடத்தில் கடைச் சாப்பாடு, அதுதான் என்றார். நானும் வாயு, அல்சர் என்று மாத்திரை கொடுத்தேன். இரவு சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே கொடுத்தேன். திரும்பி முகத்தைப் பார்த்தேனா என்று நினைவில்லை.

எந்தெந்தத் தேதியில் உன்னிடம் சொன்னார்? எழுது.

துக்கத்துக்கு வந்தவர்கள் வீடு நிறைய இருந்தபோது நீ கேட்டாய், "வீட்டுலயே டாக்டர் இருந்தும் என்ன பிரயோஜனம்?" என்று. நான் ஊரை விட்டு வந்தது அதனால்தான் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்களாம். பாதி உண்மை. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்பது மீதி.

பாப்பா நன்றாக இருக்கிறாள். சாப்பிடுகிறாள். பள்ளிக்கூடம் போகிறாள்.

அண்ணி


ஜூன் 19

அண்ணி,

தேதி கேட்டீர்கள்.

செப்டம்பர் 17. எங்கள் ஆஸ்பத்திரி லிஃப்ட்டுக்குச் சர்வீஸ் பார்க்க வந்திருந்தார். "டேய் கம்பவுண்டர், கேபிள் உருளையைத் தூக்கினதுல தோள் பிடிச்சுக்கிச்சு. ஏதாவது ஸ்பிரே இருந்தா அடி" என்றார். அடித்தேன்.

செப்டம்பர் 26, போனில். "வேலை செஞ்சா இழுக்குது, உட்கார்ந்தா விட்டுடுது" என்றார். "வேலை செஞ்சா வலிக்கத்தாண்ணே செய்யும்" என்றேன். இதை நான்தான் சொன்னேன். எட்டு வருடமாக ஈ.சி.ஜி. அறையில் குப்பை கொட்டுகிறவன்.

அக்டோபர் 4. என் அறைக்கே வந்தார். நோயாளிகள் படுக்கிற கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்தார். அவருக்கும் மெஷினுக்கும் நடுவில் இரண்டடி இருக்கும். "அண்ணிகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டேன். "அவகிட்ட சொன்னா அட்மிட் பண்ணிட்டுத்தான் மறுவேலை பார்ப்பா. இப்ப வேலை நடக்கற பில்டிங்ல ரெண்டு லிஃப்ட் பாக்கி இருக்கு. நீ ஸ்பிரே அடி" என்றார். மறுபடி அடித்தேன்.

அதற்கப்புறம் நான்கு நாள். மயங்கி விழுந்தவரை லிஃப்ட் மோட்டார் அறையிலிருந்து இறக்கி எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தானே கொண்டுவந்தார்கள். நீங்கள் வந்து சேருவதற்கு முன்னால் ஈ.சி.ஜி. எடுத்தது நான்தான். கோடு நேராக வந்தது. மெஷினில் ஏதோ கோளாறு என்று கேபிளை மாற்றினேன். மறுபடியும் நேராக வந்தது. பக்கத்து வார்டிலிருந்து இன்னொரு மெஷினை இழுத்துக்கொண்டு வந்தேன். டூட்டி டாக்டர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அன்றிலிருந்து எனக்கு எதுவும் இல்லை. அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு ஜெல் தடவுகிறேன், ஒயர்களை ஒட்டுகிறேன், தாளைக் கிழித்துக் கொடுக்கிறேன். வீட்டுக்கு வந்து படுக்கிறேன். உங்களைக் கேட்ட கேள்வி நான் என்னையே கேட்டிருக்க வேண்டியது. தாங்க முடியாமல் உங்கள் தலையில் தூக்கிப் போட்டேன். மன்னித்துவிடுங்கள். இதை எழுதும்போதுகூட உள்ளே ஒன்றும் அசையவில்லை. அதை வைத்துப் பொய் என்று நினைத்துவிடாதீர்கள்.

படிப்பைப் பற்றி. டாக்டராக முடியவில்லை என்ற ஏக்கமெல்லாம் பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட்டோடு போய்விட்டது. இது வேறு. ஈ.சி.ஜி. எடுப்பவன் வாயைத் திறக்கக் கூடாது. தாளில் என்ன தெரிந்தாலும் முகத்தில் காட்டக் கூடாது. "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டால், "டாக்டர் சொல்வார்." அவ்வளவுதான் எனக்கு அனுமதி. உங்களுக்கோ ஒரு ஆளுக்கு நான்கு நிமிடம். நடுவில் உட்கார்ந்து கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டும். எனக்கு அந்த வேலை வேண்டும். கீழே யார் கையெழுத்து இருந்தால் என்ன?

நான் எழுதியதில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. 'படி ஏறினால் மூச்சு வாங்குமா?' என்ற இடம். தெரியவில்லை என்று எழுதியிருந்தேன். உங்களுக்குத் தெரியுமா?

தம்பி


ஜூன் 28

தம்பி,

எனக்கும் தெரியாது என்று எழுதி உறையை ஒட்டி வைத்திருந்தேன். அந்த உறையைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

பழைய வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு தினமும் அறுபது படி ஏறுகிறேனே என்று நான் புலம்பும்போதெல்லாம், "வீட்டுலயும் லிஃப்ட் இருந்தா ராத்திரியும் என்னை வேலை வாங்குவே" என்பார். ஆனால் அவர் படி ஏறி நான் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து பாப்பாவைக் கூட்டிக்கொண்டு அவர் நாலு மணிக்கு வந்துவிடுவார். நான் வர எட்டாகும்.

இங்கேயும் மூன்றாவது மாடிதான். நேற்று இரண்டாவது மாடித் திருப்பத்தில் பாப்பா பையை வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். "என்னடி?" என்றேன். "ஸ்டேஷன்மா" என்றாள். "என்ன ஸ்டேஷன்?" "நானும் அப்பாவும் விளையாடுவோம். வண்டி இங்க ரெண்டு நிமிஷம் நிக்கும். அப்பா கண்ணை மூடிக்குவார். நான் நூறு எண்ணணும். உன்கிட்ட சொன்னா ஸ்டேஷனை மூடிடுவேன்னு சொன்னார். இப்பச் சொல்லலாம்ல?"

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நோயாளியிடம் கேட்பதுபோலவே கேட்டேன். தினமும் விளையாடுவீங்களா? முதலில் எத்தனை ஸ்டேஷன் இருந்தது? "முதல்ல ரெண்டாவது மாடியில மட்டும். அப்புறம் முதல் மாடியிலயும் வச்சோம். கடைசியில நூறு பத்தலைன்னு இருநூறு எண்ணினேன். எனக்கு இருநூறு வரைக்கும் தப்பில்லாம வரும்." இருபது வருடமாக நோயாளிகள் பேசக் கேட்கிறேன். இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"நல்லா எண்ணுவே" என்றேன். எழுந்து மேலே போனேன். கதவைத் திறந்தேன். பாலை அடுப்பில் வைத்தேன். அது பொங்கி வழிந்து அடுப்பு அணைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். அழவில்லை. துணியை எடுத்துத் துடைத்தேன்.

தோள் உன்னிடம். வயிறு என்னிடம். மூச்சு அவளிடம். மூன்றையும் ஒரே ஆளிடம் சொல்லியிருந்தால் இருதயம்தான் என்று முதல் வருட மாணவன்கூடக் கண்டுபிடித்திருப்பான். பயந்துதான் பிரித்துப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். எனக்கு அவர் மேல் கோபம் வர வேண்டும். வந்தால் சொல்கிறேன்.

அந்த வரலாற்றை நீ எழுத வேண்டாம். மூச்சை விட்டுவிட்டு எழுதினால் அது பொய். சேர்த்து எழுதினால் பாப்பா அதற்குள் இருப்பாள். அப்பாவோடு விளையாடினோம், ரகசியத்தைக் காப்பாற்றினோம், இவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். எட்டு வயதுக்கு அது போதும். என்றைக்காவது ஒரு தாளில் அதைப் படித்து, தான் எண்ணியது என்னவென்று அவள் புரிந்துகொள்ளக் கூடாது. படிவத்தைக் கிழித்துவிடு. இந்தக் கடிதத்தையும்.

நீ கேட்ட மன்னிப்பு வந்து சேர்ந்தது. என்னாலும் இப்போதைக்கு அதை உணர முடியவில்லை. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அண்ணி


ஜூலை 7

அண்ணி,

இரண்டையும் கிழித்துவிட்டேன். பொடிப்பொடியாக. நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

படிப்பு ஆசையையும் விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. வேறு யாரையாவது கேட்டு எழுது என்பீர்கள். முயன்று பார்த்தேன். போன வாரம் ஒரு தையற்கார அம்மா வந்தார். சீட்டில் 'களைப்பு' என்று மட்டும் இருந்தது. ஒட்டிக்கொண்டிருக்கும்போதே வாய் தானாகக் கேட்டுவிட்டது: "ஏம்மா, இந்த உடம்பைப் பத்தி வேற யார்கிட்டயாவது வேற ஏதாவது சொன்னீங்களா?"

அந்த அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மருமககிட்ட தாடை வலின்னேன். கடையில கூட வேலை பாக்குறவகிட்ட, நடந்தா நெஞ்சு இறுக்குதுன்னேன். டாக்டருக்கு நேரமில்லைப்பா, அதான் களைப்புன்னு சொல்லிட்டேன்."

ஈ.சி.ஜி. தாளின் பின்பக்கம் அத்தனையையும் எழுதி இருதயப் பிரிவுப் பெரிய டாக்டரிடம் நேராகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தாளின் முன்பக்கத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அவர் படித்துவிட்டு, வார்டே கேட்கிற மாதிரி என்னைப் பார்த்துக் கத்தினார். "உன் வேலை ஒட்டறது. கேக்கறது இல்ல. யாரு உனக்கு அதிகாரம் குடுத்தது?" நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இன்னும் நாலு வார்த்தை. கத்தி முடித்துவிட்டு அந்த அம்மாவை அட்மிட் செய்தார். நான் எழுதிய தாளை மடித்து ஃபைலுக்குள் வைத்துக்கொண்டார். இரண்டாம் நாள் இருதயக் குழாயில் இருந்த அடைப்பை எடுத்தார்கள். அந்த அம்மா நன்றாக இருக்கிறார்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. திட்டியதற்கும் வருத்தமில்லை. பிறகு அந்த அம்மாவிடம் போய்ப் படிவத்துக்குச் சம்மதம் கேட்டேன். "எழுத்துல எல்லாம் வேண்டாம்பா, மருமகளுக்குத் தெரிஞ்சா வம்பு" என்று கையெடுத்துக் கும்பிட்டார். வற்புறுத்தவில்லை. இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. ஜூலை 25 வரும், போகும். ஒட்டுகிற வேலையே எனக்குப் போதும் போலிருக்கிறது.

நீங்கள் சாப்பிடுகிறீர்களா? பாப்பாவைப் பற்றி மட்டுமே எழுதுகிறீர்கள்.

தம்பி


ஜூலை 14

தம்பி,

கல்லூரிக்கு எழுதிப் புதுப் படிவம் ஒன்று வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். படிப்பைப் பற்றி நான் முதலில் எழுதியதையெல்லாம் அடித்துவிடு. ஏன் என்று சொல்கிறேன்.

போன வியாழக்கிழமை காலையில் நான்கு பேரைப் பார்த்தேன். ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தேன், முதுகில் வைத்தேன், "மூச்சை இழுங்க, விடுங்க" என்றேன், "சரியா இருக்கு" என்றேன். நான்காவது ஆள் வெளியே போனதும், பக்கத்தில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த அந்தப் பெண் மெல்ல என்னிடம் வந்தாள். நான் ஒருநாள் உனக்கு எழுதினேனே, நன்றாகக் கேட்பாள் என்று, அவள்தான். "மேடம், நீங்க அதைக் காதுல மாட்டவே இல்லை" என்றாள். கழுத்தில் தொட்டுப் பார்த்தேன். காதில் மாட்ட வேண்டிய இரண்டு முனையும் கழுத்தில்தான் கிடந்தது. நான்கு பேருக்கும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. நான்கு பேரையும் போனில் திரும்பக் கூப்பிட்டாள். மதியத்துக்குள் வந்துவிட்டார்கள். ஒவ்வொருவரையும் அவளே முழுசாகப் பரிசோதித்து எழுதினாள். ஒரு பெரியவருக்கு நுரையீரலில் சளி கட்டியிருந்தது. இன்னொரு டாக்டரை அழைத்து வந்து பார்க்கச் சொன்னாள், கையெழுத்தும் அவரிடமே வாங்கினாள். எல்லாம் முடிந்த பிறகு எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அந்த வேலைக்குத்தான் நீ போகப் பார்க்கிறாய். போ.

நான் விடுப்பில் இருக்கிறேன். கிளினிக் முதலாளியிடம் தலைவலி என்றேன். அம்மாவிடம் போனில் வேலை அதிகம், களைப்பு என்றேன். பாப்பாவிடம் ஒன்றுமில்லை என்றேன். எழுதிப் பார்க்கும்போதுதான் உறைக்கிறது, நானும் உன் அண்ணனைப் போலவே பிரித்துப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அவருடைய வரலாற்றை எழுத வழியில்லை. என்னுடையதை எழுது. உனக்குத்தான் எல்லாவற்றையும் ஒன்றாகச் சொல்லப்போகிறேன்.

பெண், 41 வயது, டாக்டர். என்ன தொந்தரவு: எதுவும் தெரியவில்லை. எத்தனை நாளாக: அக்டோபர் 8 முதல். சூடு தெரியவில்லை, மணிக்கட்டில் கொப்புளம் இருப்பதை நர்ஸ் காட்டிய பிறகுதான் பார்த்தேன். ருசி தெரியவில்லை. சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாயே, பாப்பா மிச்சம் வைப்பதைச் சாப்பிடுகிறேன், அவள் மிச்சம் வைக்காத நாளில் இல்லை. படுத்தால் தூங்குகிறேன், விடிந்தால் எழுகிறேன். பாப்பா கட்டிப்பிடித்தால் கையை எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. வெட்கமாவது இருக்கிறதே என்று பார்க்கிறேன்.

இதைப் பார்த்து அப்படியே எழுதி அனுப்பிவிடாதே. நேரில் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும் என்பது விதி. பொடி எழுத்தில் இருக்கிறது. பெரிய மனது பண்ணி இந்தத் தடவையாவது படி. நோயாளி போட வேண்டிய இடத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். டாக்டர் இடம் காலியாக இருக்கிறது. உன்னைப் பார்த்துக் கத்தினாரே, அந்தப் பெரிய டாக்டரிடம் கொண்டுபோ. உன் தாளை மடித்து உள்ளே வைத்துக்கொண்டவர் இதற்கும் கையெழுத்துப் போடுவார். அதோடு எனக்கு யாரிடம் வைத்தியம் பார்க்கலாம் என்றும் அவரிடமே கேட்டு வா.

சனிக்கிழமை காலையில் வா. பதினொரு மணி வரை பாப்பா பக்கத்து வீட்டில் இருப்பாள். நீ உட்கார்ந்து பேனாவைத் திறந்ததும் நான் டீ போட எழுந்திருப்பேன். உன் வேலையைப் பற்றி விசாரிப்பேன். நன்றாகத்தான் இருக்கிறேன், சும்மா ஏதோ எழுதிவிட்டேன் என்பேன். நம்பாதே. மறுபடி கேள்.

அண்ணி